பண்ணை முதலாளிங்களுக்கு ஒரு திறந்த மடல்: ராத்திரி அந்த ரூமைப் போய்ப் பாருங்க

வெளியூர் ஆளுங்களை சீசன் வேலைக்குக் கூட்டிட்டு வந்து தங்க இடம் குடுக்குற எல்லாருக்கும் வணக்கம்.

நான் ஒரு நர்ஸ், உங்க ஆளுங்க தங்குற ரூமுக்கெல்லாம் போய்ட்டு வர்றவ. பயிரையும் மோட்டாரையும் தெனமும் பாக்குறீங்க, அந்த ரூமையும் ஒருநாள் ராத்திரி பாருங்க. பகல்ல போனா எல்லாரும் வயல்ல இருப்பாங்க, ரூம் பெருசாத்தான் தெரியும்.

ஒருத்தர் விரல் இடுக்கெல்லாம் சொறிஞ்சு புண்ணாகி வந்தாரு, சிரங்கு, களிம்பு குடுத்தேன், மூணு வாரத்துல திரும்பவும் அதே கையோட வந்து நிக்கிறாரு. போய்ப் பாத்தா பாய் மேல பாய் ஒட்டிக் கிடக்கு, பக்கத்துல படுக்குறவருக்கும் தொத்தியிருக்கு. முதல் தடவை சிரங்கு தொத்துறவங்களுக்கு அரிப்பு தெரியவே 4 லேருந்து 6 வாரம் ஆகலாம், சிரங்கை உண்டாக்குற சின்னப் பூச்சி போர்வையிலயே ரெண்டு மூணு நாள் உயிரோட கிடக்கும், அதனால ரூம்ல எல்லாரும் ஒரே நாள்ல மருந்து போட்டு துணியெல்லாம் சுடுதண்ணில அலசணும். இத்தனை பேருக்கு ஒரே குழாய் இருந்தா எப்படி அலசுவாங்க? டிபியும் இப்படித்தான், ஜன்னலை அடைச்ச ரூம்ல ஒருத்தர் இருமினா அந்தக் காத்தைத்தான் விடியுற வரைக்கும் எல்லாரும் இழுக்குறாங்க.

இன்னொரு ரூம்ல வயல்ல பூச்சிமருந்து அடிக்கும்போது போட்டிருந்த சட்டை ஆணில தொங்குது, நேர் கீழ கைக்குழந்தை தூங்குது. அந்த அம்மாவைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல, வேற எங்க மாட்டுவாங்க?

தகரக் கூரை ராத்திரியும் சூட்டைக் கக்குது, ஒடம்பு ஆறாமலே மறுநாள் வெயில்ல இறங்குறாங்க, கிட்னி வரைக்கும் பாதிக்கும். கக்கூஸ் தூரமா இருட்டுல இருக்குன்னு பொம்பளைங்க தண்ணி குடிக்கிறதையே குறைச்சிக்கிறாங்க, அப்புறம் நீர்க்கடுப்புன்னு எங்கிட்ட வர்றாங்க.

இதெல்லாம் அவங்க உங்ககிட்ட சொல்ல மாட்டாங்க, வேலை போனா அன்னிக்கே ரூமும் போயிடும்.

நான் ஒண்ணும் புதுசா கேக்கல. குடும்பத்தை விட்டுட்டு வந்த ஆளுக்கு தனித்தனிப் படுக்கை, நல்ல தண்ணி, கழிப்பறை, காத்தோட்டம் வேணும்னு சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1961லயே பரிந்துரை செஞ்சிருக்கு.

எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்த முடியாதுன்னு தெரியும். முதல்ல ஜன்னலைத் திறக்குற மாதிரி பண்ணுங்க, ரூமுக்கு வெளிய இன்னொரு குழாயும் மருந்தடிச்ச துணி மாட்ட ஒரு கொடியும் போட்டுக் குடுங்க. மத்ததைப் பேச நான் நேர்லயே வர்றேன்.