ஆண்டறிக்கை: ஸ்வீட் ஆபர்ன் பேட்டையில் நமது வட்டம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம். அட்லாண்டாவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்திவரும் நமது மரபுநடை வட்டத்தின் ஓராண்டுப் பணிகளை இவ்வறிக்கையில் முன்வைக்கிறேன். மாதம் ஓர் இடம் என்று சுற்றிவந்த வழக்கத்தை நிறுத்தி, சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, நகர மையத்தை ஒட்டியுள்ள ஆபர்ன் அவென்யூவையும் அதைச் சூழ்ந்த ஸ்வீட் ஆபர்ன் பேட்டையையும் மட்டுமே இவ்வாண்டு முழுவதற்கும் எடுத்துக்கொண்டோம்.

ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் மார்ட்டின் லூதர் கிங் 1929இல் பிறந்த வீட்டைக் காட்டுவதும், அவர் போதகராக இருந்த எபனேசர் ஆலயத்துக்குள் சென்று சற்று உட்கார்ந்துவிட்டு, நீர்த்தடாகத்தின் நடுவே உள்ள அவருடைய கல்லறையின் முன் படம் எடுத்துக்கொண்டு திரும்புவதும் நம்மில் பலருக்குப் பழகிப்போனவை. இவை மூன்றும் தெருவின் கிழக்குப் பகுதியில் இருக்கின்றன. நெடுஞ்சாலைப் பாலத்துக்கு மேற்கே இருக்கும் மற்றொரு பகுதிக்குள் நம் உறுப்பினர்களில் பெரும்பாலோர் அதுவரை கால் வைத்ததில்லை. பணமும் பத்திரிகையும் வாக்குகளும் ஒன்றுசேர்ந்த இடம் அதுதான் என்பதால், நடைகளை அங்கிருந்து தொடங்கவேண்டும் என்று செயற்குழு முடிவு செய்தது. அந்த முடிவு சரியானது என்பதே ஆண்டின் இறுதியில் என் கருத்து.

முதல் நடைக்கு முன்பாக 1906ஆம் ஆண்டுப் படுகொலையைப் பற்றி ஒரு வாசிப்புக் கூட்டம் நடத்தினோம். அவ்வாண்டு செப்டம்பர் 22ஆம் நாள் தொடங்கி, நகர மையத்தில் வெள்ளையர் கும்பல்கள் கறுப்பின மக்களை வேட்டையாடின, கடைகள் நொறுக்கப்பட்டன, உயிர்கள் பல போயின. அதுவரை மையத்தெருக்களில் தொழில் நடத்திய கறுப்பின வணிகர்கள் அதன்பின் மெல்ல மெல்ல ஆபர்ன் அவென்யூவுக்கு ஒதுங்கினர். பிறகு செழித்த தெரு என்று மட்டுமே இதைப் போற்றுகிறவர்கள், அச்சமும் தள்ளிவைப்பும் மக்களை இங்கே கொண்டுவந்து சேர்த்ததை மறந்துவிடுகிறார்கள்.

கூட்டத்தில் அதிகம் பேசப்பட்டவர் அலான்சோ ஹெர்ன்டன். 1858இல் அடிமையாகப் பிறந்த அவர், முடிதிருத்தும் தொழிலால் முன்னேறி, பீச்ட்ரீ தெருவில் ஆடம்பரமான ஒரு கடையை நடத்தினார். கடையில் வேலை செய்தவர்கள் கறுப்பினத்தவர், நாற்காலியில் அமர்ந்தவர்கள் வெள்ளையர் மட்டுமே. காப்பீட்டுச் சங்கங்கள் 5,000 டாலர் வைப்புத்தொகை கட்டவேண்டும் என்று ஜார்ஜியா மாநிலம் சட்டம் கொண்டுவந்தபோது, அதைக் கட்ட வழியில்லாமல் தவித்த சிறியதொரு உதவிச் சங்கத்தை அவர் 1905இல் வாங்கினார். நோய்க்கும் ஈமச்செலவுக்கும் வாரந்தோறும் சில்லறைக் காசு கட்டிய ஏழைகளின் அந்தச் சங்கமே அட்லாண்டா லைஃப் நிறுவனமாக வளர்ந்தது. 1921இல் சிட்டிசன்ஸ் டிரஸ்ட் வங்கியும், 1928இல் அட்லாண்டா டெய்லி வேர்ல்டு பத்திரிகையும் தொடங்கின. பத்திரிகை 1932இல் நாளிதழானது. 1956இல் ஃபார்ச்சூன் இதழ், உலகிலேயே செல்வம் மிகுந்த கறுப்பர் தெரு என்று ஆபர்ன் அவென்யூவைக் குறிப்பிட்டது. ‘ஸ்வீட் ஆபர்ன்’ என்ற பெயரை நிலைக்கச் செய்தவர் ஜான் வெஸ்லி டாப்ஸ். ரயில்வே அஞ்சல் ஊழியரான அவர் கறுப்பின வாக்காளர்களைத் திரட்டுவதிலேயே வாழ்நாளைச் செலவிட்டார். அவருடைய மகள்வழிப் பேரர் மேனார்ட் ஜாக்சன் 1973இல் அட்லாண்டாவின் முதல் கறுப்பின மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

மேற்குப் பகுதி நடையில் உறுப்பினர்கள் நெடுநேரம் நின்றது, கறுப்பினத்தவரின் சகோதர உதவிச் சங்கமான ஆட் ஃபெலோஸ் கட்டடத்தின் எதிரில். கறுப்பினக் கல்வியாளர் புக்கர் வாஷிங்டன் வந்து 1912இல் அர்ப்பணித்த இச்செங்கல் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தால், சுட்டமண்ணில் செய்த மனித முகங்கள் தெரியும். அவை ஆப்பிரிக்கச் சாயலுடைய முகங்கள். கிரேக்கச் சாயல் முகங்களையே கட்டடங்களில் பதித்துவந்த அந்தக் காலத்தில், தம் காசில் கட்டிய கட்டடத்தில் தம்மைப் போன்றவர்களின் முகத்தையே வைத்துக்கொண்டது சாதாரணச் செயல் அன்று. பக்கத்திலுள்ள பிக் பெத்தேல் ஆலயத்தின் கோபுரத்தில் ‘இயேசு இரட்சிக்கிறார்’ என்னும் பொருள்பட ஒளிரும் நீல எழுத்துகள் அந்தி வேளையில் தொலைவிலிருந்தே கண்ணில் படுகின்றன. மாரிஸ் பிரௌன் கல்லூரியின் முதல் வகுப்புகள் 1881இல் அந்த ஆலயத்தின் அடித்தளத்தில்தான் நடந்தன.

நெடுஞ்சாலைப் பாலத்தின் கீழ் நடந்துசெல்லும்போது மேலே ஓடும் வண்டிகளின் இரைச்சலில் வழிகாட்டியின் பேச்சு எடுபடவில்லை. மறுபுறம் போன பிறகே விளக்கத்தைத் தொடர முடிந்தது. நகரின் நடுவே ஓடும் இந்தச் சாலை வீடுகளையும் கடைகளையும் அகற்றிவிட்டுப் பேட்டையை இரண்டாகப் பிளந்தது. இனப் பாகுபாட்டைத் தடைசெய்த 1964ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, வாடிக்கையாளர்கள் நகரின் எந்தக் கடைக்கும் எந்த உணவகத்துக்கும் போகலாம் என்றானதும் இங்குள்ள வணிகத்தைத் தளரவைத்தது. இவ்விரண்டில் எதனால் சேதம் அதிகம் என்று உறுப்பினர்களிடையே நீண்ட விவாதம் நடந்தது. போராடிப் பெற்ற உரிமையையும் மேலிருந்து திணிக்கப்பட்ட சாலையையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது என்ற உறுப்பினர்களின் பக்கமே நானும் நிற்கிறேன்.

பாலத்துக்குக் கிழக்கே, கறுப்பின மேசன் சங்கத்தாரின் பிரின்ஸ் ஹால் கட்டடம் குழந்தைகளுக்கு மிகவும் பிடித்துப்போனது. ஜெஸ்ஸி பிளேட்டன் 1949இல் வாங்கிய டபிள்யூ.இ.ஆர்.டி. வானொலி, அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்குச் சொந்தமான முதல் வானொலி நிலையம், இந்தக் கட்டடத்தில் இயங்கியது. கிங் தலைமையேற்ற ‘தெற்கத்திய கிறித்தவத் தலைமை மாநாடு’ என்னும் உரிமைப் போராட்ட அமைப்பின் அலுவலகம் அதற்குக் கீழ்த்தளத்தில் இருந்தது. ஒலிபரப்பில் பேசவேண்டியிருந்தால் கிங் துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டுவாராம். மேலிருந்து சன்னல் வழியாக ஒலிவாங்கியை இறக்குவார்களாம். வழிவழியாகச் சொல்லப்படும் இச்செய்தியைக் கேட்ட குழந்தைகள் அது எந்தச் சன்னல் என்று கேட்டு வழிகாட்டியை விடவில்லை.

தமிழ்க் கையேட்டின் வரைவு முடிந்திருக்கிறது. கிங் வளாகத்தில் 1998இல் நிறுவப்பட்ட காந்தி சிலையை அட்டைப்படமாக வைக்கவேண்டும் என்று சிலர் வற்புறுத்தினர். 1959இல் இந்தியா வந்த கிங் தம்பதியர் கன்னியாகுமரி வரை பயணம் செய்ததையும் அவர்கள் சுட்டிக்காட்டினர். இரண்டும் உண்மையான தொடர்புகளே என்பதால் கையேட்டின் உள்ளே இடம்பெற்றுள்ளன. ஆனால் பிறருடைய பேட்டையைப் பற்றிய கையேட்டின் முகப்பில் நாமே நின்றுகொள்வது முறையன்று என்று கருதி, ஆட் ஃபெலோஸ் கட்டடத்தின் படத்தையே அட்டைக்குத் தேர்ந்தோம். தகவல்களைச் சரிபார்க்கப் பெரிதும் உதவியது 1994இல் திறக்கப்பட்ட ஆபர்ன் அவென்யூ ஆராய்ச்சி நூலகம். அதன் பணியாளர்களுக்கு வட்டத்தின் நன்றியைப் பதிவு செய்கிறேன்.

இப்பேட்டை 1976இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் அழிவின் விளிம்பிலுள்ள இடங்களின் தேசியப் பட்டியலில் 1992இலும் 2012இலும் இடம்பெற்றது. 2008ஆம் ஆண்டுச் சூறாவளியில் டெய்லி வேர்ல்டு கட்டடம் சேதமடைந்தது. அறிவிப்புப் பலகையை நட்டுவிட்டால் கூரை ஒழுகுவது நின்றுவிடாது. எனவே வரும் ஆண்டில் நடைகளுக்குப் பிந்திய உணவையும் சில்லறைக் கொள்முதலையும் அந்தத் தெருவிலுள்ள கடைகளிலும், எட்ஜ்வுட் அவென்யூவிலுள்ள பழைய நகராட்சிச் சந்தையிலும் வைத்துக்கொள்ளுமாறு செயற்குழு பரிந்துரைக்கிறது. 1924இல் அந்தச் சந்தைக் கட்டடம் எழுந்தபோது உள்ளே கடை போட அனுமதியின்றிக் கறுப்பின வியாபாரிகள் நடைபாதை ஓரத்தில் விற்றனர். ‘கர்ப் மார்க்கெட்’, அதாவது நடைபாதை ஓரச் சந்தை, என்று அது அழைக்கப்படுவதில் அந்த ஓரம் இன்றும் இருக்கிறது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே தாக்கல் செய்வார். கையேட்டை அச்சிடும் செலவுக்கான தீர்மானத்தையும் இந்த அறிக்கையையும் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இவண்,
செயலாளர்