பெற்றோருக்குக் கடிதம்: மூன்றாம் பருவமும் வருஷக் கணக்கும்

27.01.2026

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

மூன்றாம் பருவம் தொடங்கிவிட்டது. போன பருவத்தில் விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி எல்லாம் நல்லபடியாக நடந்தன. வெளியூர்ப் போட்டிகளிலும் நம் பிள்ளைகள் பரிசு வாங்கி வந்தார்கள். நேற்றுக் குடியரசு தின விழா சிறப்பாக இருந்தது. எல்லோருக்கும் பாராட்டுகள்.

வருமான வரிக்கு ரசீது கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பள்ளிக்கு வருஷம் ஜூனில் பிறக்கிறது, வரிக்கு ஏப்ரல் 1-இல். பணம் கட்டிய தேதிதான் கணக்கு. மார்ச் 31-க்குள் கட்டியது 2025-26-இல் வரும், ஏப்ரலில் கட்டினால் அடுத்த நிதியாண்டுக்குப் போய்விடும். 80சி பிரிவில் கல்விக் கட்டணம் மட்டும்தான் செல்லும். வேன் கட்டணத்தையும் சேர்த்து எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்க வேண்டாம்.

அலுவலகத்துக்கு அடிக்கடி வரும் இன்னொரு கேள்வி: "சார், வருஷத்துக்கு எத்தனை நாள் லீவு போடலாம்?" தமிழக அரசு ஊழியருக்கு வருஷத்துக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு உண்டு. பிள்ளைகளுக்கு அப்படி ஓர் ஒதுக்கீடு கிடையாது. சிபிஎஸ்இ பொதுத்தேர்வுக்கு 75 சதவீத வருகை வேண்டும் என்ற செய்தியைப் பிடித்துக்கொண்டு, "220-இல் 165 நாள் வந்தால் போதும், 55 நாள் கையில் இருக்கிறது" என்று ஓர் அப்பா என்னிடமே கணக்குப் போட்டுக் காட்டினார். பெருக்கல் சரிதான். ஆனால் அது அதற்குக் கீழே போகக் கூடாது என்று போட்ட கோடு, செலவழிக்கக் கொடுத்த இருப்பு அல்ல.

கல்வி உரிமைச் சட்டப்படி 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம். 6 முதல் 8 வரை 220 நாள், 1,000 மணி நேரம். 365-இல் 220 போக மீதி 145. ஐந்தில் இரண்டு நாள் பிள்ளை ஏற்கெனவே உங்களோடுதான் இருக்கிறது. கல்யாணம், குலதெய்வம் கோயில், ஊர்ப் பயணம் எல்லாம் பெரும்பாலும் அதற்குள் அடங்கும்.

இந்தப் பொங்கலையே எடுத்துக்கொள்ளுங்கள். 15 வியாழன் தொடங்கி ஞாயிறு வரை நான்கு நாள். 19 திங்கள் பள்ளி திறந்தால் பல வகுப்புகளில் பாதி பெஞ்சு காலி. ஏழாம் வகுப்புக்குத் திங்கள் முதல் பாடவேளை கணக்கு. மாதம் ஒரு திங்கள்தானே, வருஷத்துக்குப் பத்து நாள்தானே என்று தோன்றும். அந்தப் பத்திலும் கணக்கு வகுப்பு போகிறது. மறுநாள் வரும் பிள்ளை பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து 1/3 + 1/4 = 7/12 என்று எழுதிக்கொள்கிறது. அந்த 12 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் முழிக்கிறது. அதை உட்கார்ந்து திரும்பச் சொல்லித் தரும்போது, ஒழுங்காக வந்த பிள்ளைகள் சும்மா காத்திருக்க வேண்டியிருக்கிறது.

அதனால் பிப்ரவரி முதல், நீண்ட விடுமுறைக்கு முன்னும் பின்னும் ஒட்டிப் போடும் விடுப்புக்குத் தொலைபேசித் தகவலோ வாட்ஸ்அப் செய்தியோ போதாது. முன்கூட்டியே எழுத்தில் கடிதம் வேண்டும். "வயிற்று வலி" என்று எழுதிவிட்டு அன்றே ஊட்டிப் படத்தை ஸ்டேட்டஸில் போட்டால் வகுப்பாசிரியரும் பார்ப்பார். பிள்ளை கையால் பொய்க் கடிதம் கொடுத்தனுப்புவதை இனி ஏற்க மாட்டோம்.

உடம்பு சரியில்லாத பிள்ளையைக் கட்டாயம் அனுப்பாதீர்கள். வீட்டில் துக்கமோ அவசரமோ என்றால் ஒரு போன் போதும், கடிதம் அப்புறம் வரட்டும். மூன்று ஷிப்ட் வேலைக்கு நடுவிலும் மணி அடிக்கும் முன் பிள்ளையைக் கொண்டுவந்து விடும் அம்மாக்களையும் அப்பாக்களையும் தினமும் வாசலில் பார்க்கிறேன். உங்களுக்கு மனமார்ந்த நன்றி. மார்ச் மாதம் முழுக்கத் திருப்புதல் இருக்கிறது, வகுப்புவாரி அட்டவணை அடுத்த வாரம் டைரியில் வரும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்