போர்நிறுத்தத்தை முறிக்காதீர்கள்: நம் ஆட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்பு நண்பர்களுக்கும், கதையை நடத்தும் ஜி.எம். அண்ணனுக்கும்,

வணக்கம். ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். நம்மில் பாதிப்பேருக்கு அப்போதுதான் இரவில் நேரம் கிடைக்கும், வார்கிராஃப்ட் விளையாட்டின் உலகத்தில் ஆளுக்கொரு பாத்திரமாக நாம் ஆடும் நம் கதையின் அடுத்த பருவமும் அப்போதுதான் ஆரம்பம். இதற்கிடையில் குழுவில் நடந்த வாக்கெடுப்பின் முடிவைப் பார்த்தேன். மனிதர்கள் பக்கமான அலையன்ஸுக்கும் ஓர்க்குகள் பக்கமான ஹோர்டுக்கும் இடையே இருக்கும் போர்நிறுத்தத்தை முதல் வாரமே முறித்துவிட்டு, பழையபடி சண்டைக்குப் போவது என்று பெரும்பாலானோர் கை தூக்கியிருக்கிறீர்கள். "சமாதானம் வந்தா கதை செத்துப்போகும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குத்தான் அதிக ஆதரவு. நான் எதிர்த்து வாக்களித்தேன். ஏன் என்பதை எல்லோரும் படிக்கும்படி எழுதிவிடுகிறேன். இந்தக் கரையில் பிறந்துவிட்டு இந்த விஷயத்தில் சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

புதிதாகச் சேர்ந்த தம்பி தங்கைகளுக்காகக் கொஞ்சம் பின்கதை. 1994-ல் முதல் வார்கிராஃப்ட் வந்தபோதே ஓர்க்குகளும் மனிதர்களும் அடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். 2004-ல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் வந்தது. அதில் எதிர்ப்பக்கத்து ஆள் பக்கத்திலேயே நின்று பேசினாலும் திரையில் புரியாத எழுத்துகள்தான் வரும். 2018-ல் அப்போதைய ஹோர்ட் தலைவி சில்வானஸின் கட்டளையில், அலையன்ஸ் பக்கத்து நைட் எல்ஃப்களின் மரநகரமான டெல்ட்ராசில் எரிந்தது. மறு வருடம் ஹோர்டின் தலைநகரான ஆர்கிரிமார் வாசலில் ஓர்க் கிழவர் சார்ஃபாங் அந்தச் சில்வானஸை ஒற்றைக்கு ஒற்றை அழைத்து, தன் உயிரைக் கொடுத்தார். போர் அங்கே நின்றது. 2022-ல் இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே அணியாக நிலவறைகளுக்குள் போகலாம் என்று விளையாட்டே தன் விதியை மாற்றிக்கொண்டது. அடுத்த ஆண்டு கில்ட் என்கிற ஆட்டக்காரர் சங்கம் ஒன்றிலேயே இரண்டு பக்கமும் சேரலாம் என்றானது. நம் கதை நடப்பது இந்தப் போர்நிறுத்தத்துக்குப் பிந்தைய காலத்தில்.

சமாதானக் காலத்தில் ஆடுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்கள். போன பருவத்தின் கடைசி இரவை நினைத்துப் பாருங்கள். போரில் அழிந்த தெராமோர் நகரத்தின் இடிபாட்டில் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, சிறைபிடித்தவர்களை மாற்றிக்கொள்வது பற்றிப் பேச வேண்டும். ஓர்க் கிழவராக ஆடும் கீழக்கரை அண்ணன் துபாயில் வேலை முடிந்து வந்து உட்கார்ந்தார். "கருவாட்டுப் பொதியை அவிழ்த்து எல்லாருக்கும் நடுவுல வைக்கிறேன்" என்றார், அவ்வளவுதான். எதிரே இருந்தது நம் மண்டபம் தோழியின் நைட் எல்ஃப் வில்லாளி. கதைப்படி அவளுடைய அக்கா தங்கை இரண்டு பேரும் டெல்ட்ராசிலில் எரிந்து போனவர்கள். தோழி ரொம்ப நேரம் ஒன்றும் தட்டச்சு செய்யவில்லை. இணைப்பு போய்விட்டதோ என்று ஜி.எம். அண்ணன் கேட்கவே செய்தார். அப்புறம் வந்தது அந்த வரி: "நான் சாப்பிடல. ஆனா எழுந்தும் போகல." அன்று ஒருவரும் பகடையை உருட்டவில்லை. அதற்கு முன் நாம் ஆடிய கோட்டை முற்றுகைகளில் யார் எத்தனை பேரை வெட்டினார்கள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இந்த ஒரு வரி மனப்பாடமாக இருக்கிறது.

அவள் சாப்பிடாமலும் போகாமலும் உட்கார்ந்திருந்த அந்த இடத்தில்தான் நம் பாத்திரங்கள் உயிரோடு இருக்கின்றன என்று நான் நம்புகிறேன். போரில் எல்லோருக்கும் ஒரே வேலை. சமாதானம் வந்த மறுநாளே ஆளுக்கு ஒரு கணக்கு வந்துவிடுகிறது. ஓர்க் கிழவருக்குச் சண்டையைத் தவிர வேறு தொழில் தெரியாது. சண்டை நின்றால் அவர் யார்? நம் குள்ளக் கொல்லர் இரண்டு பக்கத்துக்கும் ஆயுதம் அடித்துக் கொடுத்துக் காசு பார்த்தவர். வாயில் சமாதானம் என்பார், உலை அணையுமே என்று உள்ளுக்குள் பயப்படுவார். ஃபர்சேக்கன் வைத்தியருக்கு வேறு கவலை. செத்து எழுந்த அவரை, வாழ்ந்த ஊரிலேயே யாரும் சேர்க்க மாட்டார்கள். போர் என்று ஒன்று இருந்ததால்தான் ஹோர்ட் அவரைத் தேவை என்று வைத்துக்கொண்டது. இவர்கள் யாரும் சமாதானத்தை ஒரே மாதிரி பார்க்க முடியாது. போர்நிறுத்தத்தை முதல் வாரமே உடைத்தால், இவர்கள் அத்தனை பேரையும் மறுபடி வெறும் வாளும் கேடயமுமாக ஆக்கிவிடுவோம்.

என் பாத்திரம், அலையன்ஸ் பக்கத்துக் கடல்நாடான குல் டிராஸின் மாலுமி என்பது உங்களுக்குத் தெரியும். கடல்காரன் என்பதற்காகத்தான் அவனைத் தேர்ந்தெடுத்தேன். ஆனால் அவனுக்குள் போகப் போக, அதே நாட்டு மந்திரக்காரி ஜைனாவின் கதை என்னை விடவில்லை. ஓர்க்குகளோடு சமாதானமாக வாழலாம் என்று நம்பி தெராமோரைக் கட்டியவர் ஜைனா. அந்தச் சமாதானத்தைக் காக்க, படையெடுத்து வந்த சொந்தத் தகப்பன் டேலின் பிரவுட்மூரையே விட்டுக்கொடுத்தார். பிறகு அதே தெராமோர் மேல் அப்போதைய ஹோர்ட் தலைவன் கேரோஷ் மானா குண்டு என்கிற மந்திரக் குண்டைப் போட்டான். நகரமே இல்லாமல் போனது. அதற்குப் பிறகு அவர் ஹோர்டை அழிக்க வேண்டும் என்று பேசியதை, 'ஜைனா கெட்டவளாகிவிட்டாள்' என்று நம்மில் சிலர் ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். சமாதானத்தை முதலில் நம்பியவருக்குத்தான் அடியும் முதலில் விழுகிறது. அப்படி அடிபட்டவர் 2019-ல் மறுபடியும் பேச்சுக்கு வந்து உட்கார்ந்தாரே, அதை ஆடிப் பார்க்க வேண்டாமா? என் மாலுமி டேலினின் கப்பலில் இருந்தவன். ஜைனாவை இன்னும் மன்னிக்காதவன். ஆனாலும் அவர் போட்ட ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டுத் துறைமுகத்தில் நிற்கிறான். அவனுக்கு நான் இன்னும் எத்தனையோ இரவு கடன்பட்டிருக்கிறேன்.

இப்போது நம் கடலுக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் என்னால் இந்த மடலை எழுத முடியாது.

நாம் பார்த்து வளர்ந்த சண்டை இரண்டு. ஒன்று நமக்குள்ளேயே: விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும். நாட்டுப்படகுக்காரர் மாலையில் வலையைப் பரப்பிவிட்டுக் காத்திருப்பார்; இரவில் விசைப்படகின் இழுவை மடி, அதாவது அடியில் இழுத்துப் போகும் வலை, போன வழியில் அந்த வலை இருந்தால், விடியும்போது மிதவையும் அறுந்த கயிறும்தான் மிச்சம். மடியில் வருவதில் இறால் கொஞ்சம், சங்காயம் என்கிற கழிவு மீன் மூட்டை மூட்டையாக. இதற்காகக் கடலில் கைகலப்பு நடந்திருக்கிறது, கரையில் ஊர்கள் முகம் திருப்பிக்கொண்டிருக்கின்றன. இந்தச் சண்டை எப்படித் தணிந்தது? யாரும் யாரையும் கட்டிப்பிடிக்கவில்லை. நாளைப் பிரித்துக்கொண்டார்கள். திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு. மற்ற நாலு நாள் நாட்டுப்படகுக்கு. மீன்துறையில் டோக்கன் வாங்கிக்கொண்டு போக வேண்டும். மீறல் உண்டு, புகார் உண்டு, போராட்டம் உண்டு. ஆனாலும் பாக் நீரிணையில் அந்த மூணு நாள் நாலு நாள் முறை இன்றும் பேச்சில் இருக்கிறது; 'இது உங்க நாள் இல்ல' என்று ஒருவரைப் பார்த்துச் சொல்ல முடிகிறது. ஒருவர் மேல் ஒருவர் அன்பே வைக்காமல் இத்தனை காலம் ஓட்டியிருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

இன்னொன்று அக்கரையான இலங்கையோடு உள்ள சண்டை. 1974, 1976 ஒப்பந்தங்களில் கோடு போட்டார்கள். கச்சத்தீவு அந்தப் பக்கம் போனது. 1983-க்குப் பிறகு போர்க்காலத்தில் யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்களைக் கடலுக்கே விடாத ஆண்டுகள் இருந்தன. 2009-ல் போர் முடிந்து அவர்கள் திரும்பி வந்தால், நம் விசைப்படகுகள் அங்கே மடி இழுத்துக்கொண்டிருந்தன. அறுந்தது அவர்கள் வலை. கடனை வாங்கிப் புதிதாகப் போட்ட வலை. இந்தப் பக்கம், கடலில் சுடப்பட்டு இறந்தவர்களின் வீடுகளும், படகு பிடிபட்டுப் போய்க் கடனில் மூழ்கிய வீடுகளும் நம் தெருவிலேயே இருக்கின்றன. ரெண்டு பக்கமும் தமிழ்தான் பேசுகிறது. நம் விளையாட்டு உலகமான அசெரோத்தில் மாதிரி எழுத்து குழம்பித் தெரிவதில்லை. ஒருவர் திட்டுவது இன்னொருவருக்கு நன்றாகவே புரிகிறது. 2010 ஆகஸ்டில் அக்கரை மீனவர்கள் இங்கே வந்து பேசினார்கள். 2014-ல் சென்னையிலும் கொழும்பிலும், 2015-ல் மறுபடி சென்னையிலும் பேச்சு நடந்தது. 2017-ல் இலங்கை இழுவை மடியைச் சட்டம் போட்டே தடுத்தது. அதே வருடம் இங்கே விசைப்படகைக் கொடுத்துவிட்டு ஆழ்கடல் சூரை மீன்பிடிப்புக்கு மாறும் திட்டம் வந்தது. அப்போது ஒரு படகு 80 லட்ச ரூபாய், பெரும்பகுதி மானியம். அப்படியும் மாறியவர்கள் குறைவு. ஆழ்கடல் வேறு தொழில், வேறு வலை, நாள் கணக்கில் கடலில் கிடக்க வேண்டும். காலையில் போய் மறுநாள் கரையேறிப் பழகிய ஆளுக்கு அது லேசில்லை. இவ்வளவு நடந்தும், பிப்ரவரி, மார்ச் வாக்கில் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவில் இரண்டு கரைச் சனமும் ஒரே கொடியேற்றத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. திருவிழா முடிந்த வாரமே படகு பிடிபட்ட செய்தியும் வரலாம்.

நான் இதையெல்லாம் சொல்வது, நம் விளையாட்டில் பாக் நீரிணையைத் திணிக்கச் சொல்லி அல்ல. இந்தக் கடலைத் தெரிந்த நாம், கதையில் மட்டும் சமாதானம் என்றால் இரண்டு அரசர்கள் கை குலுக்கும் ஒரு காட்சி, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை என்று நினைப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது. கையெழுத்துக்குப் பிறகுதான் வலைக்கு யார் காசு கொடுப்பது என்ற பேச்சே ஆரம்பிக்கும்.

சமாதானத்தை ஏற்காத பாத்திரங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அலையன்ஸ் அரசன் ஆண்டுயின் போர்நிறுத்தம் என்றபோது, நைட் எல்ஃப்களின் தலைவி டைராண்டே அதை ஏற்கவில்லை. அவளுடைய சனம் எரிந்த சாம்பல் ஆறுவதற்குள் எப்படி ஏற்பாள்? நம் குழுவில் சமாதானம் வேண்டும் என்பவர்கள் சில சமயம் அவளைப் பிடிவாதக்காரி மாதிரி ஆடுகிறோம், கதைக்கு நடுவே அவளுக்கு உபதேசம் செய்கிறோம். அது சரியில்லை. எத்தனை வருடமானாலும் எழுந்து நின்று 'எனக்கு இன்னும் பதில் வரவில்லை' என்று கேட்கும் உரிமை அவளுக்கு உண்டு. 2022-ல் சில்வானஸுக்குத் தீர்ப்பு சொல்லும் வாய்ப்பு அவள் கைக்கே வந்தது. கொன்று போடச் சொல்லவில்லை. மாவ் என்கிற அந்தப் பாதாளத்துக்குப் போய், அங்கே விழுந்த ஒவ்வொரு ஆன்மாவையும் தேடி மீட்க வேண்டும் என்றாள். தீங்கு செய்தவர் தீங்கின் நீளத்தை நடந்தே அளக்கட்டும் என்பதுபோல ஒரு தீர்ப்பு. மண்டபம் தோழியே, உங்கள் வில்லாளி கடைசி வரை அந்தக் கருவாட்டைத் தொடாவிட்டாலும் எனக்குச் சம்மதம். அவளைச் சமாதானப்படுத்தும் பொறுப்பு உங்கள் தலையில் இல்லை. அவள் உட்கார இடம் வைப்பது எங்கள் பொறுப்பு.

ஜி.எம். அண்ணனிடம் என் கோரிக்கை இதுதான். வாக்கெடுப்பை மறுபடி ஒருமுறை வையுங்கள். முதல் வாரம் போர்முரசுக்குப் பதில் ஒரு பேச்சுவார்த்தையை நடத்துங்கள்: குல் டிராஸும், ஹோர்ட் பக்கத்து நாடான ஸண்டலாரும் கிரேட் ஸீ என்கிற பெருங்கடலில் எந்த நாளில் யார் படகு போவது என்று முடிவெடுக்கட்டும். இரண்டுமே கடல்நாடுகள், இரண்டு பக்கமும் காயம் பட்டவை. ஸண்டலார் அரசி டாலஞ்சியின் தகப்பன் ரஸ்தகான் அலையன்ஸ் படையெடுப்பில் செத்தவர். ஜைனாவின் பெயரைக் கேட்டாலே அவளுக்கு நெஞ்சு கொதிக்கும். குள்ளக் கொல்லருக்கு அந்த இடத்தில் நங்கூரம் அடிக்கும் வேலை வரலாம். ஃபர்சேக்கன் வைத்தியர் எந்தத் துறைமுகத்தில் இறங்க அனுமதி என்பதையும் பேசியே ஆக வேண்டும். ஒப்பந்தத்தை மீறி யாரோ இரவில் வலை அறுத்தால், உடனே வாளை உருவாமல், அறுத்தது யார் என்று விசாரிக்கும் காட்சியை முழுதாக ஆடுவோம். மூன்று வாரம் ஆடிப் பார்த்தும் சலிப்பாக இருந்தால், போரை ஆரம்பியுங்கள். என் மாலுமியும் கப்பலேறி வருவான், மறுக்க மாட்டேன்.

டாலஞ்சி தரப்பில் பேசக் கீழக்கரை அண்ணன் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் அளவுக்கு விட்டுக்கொடுக்காமல் பேச நம்மில் வேறு ஆள் இல்லை. துபாய் நேரத்துக்குத் தோதாக வெள்ளிக்கிழமை இரவு வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
குல் டிராஸ் மாலுமியாக ஆடும் உங்கள் நண்பர்,
தங்கச்சிமடம்