பாப்பாவுக்கு, குடியாத்தத்திலிருந்து

குடியாத்தம்,
வைகாசி 3.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மாவும் நானும் நலம். கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முந்தாநாள் நல்லபடியாக நடந்தது. வெயில்தான் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அணுக்களை இணைக்கும் உங்கள் சோதனை இயந்திரத்தில், சிமுலேஷன் கணக்குப்படி வரவேண்டியதைவிட டிடெக்டர் எண்ணிய நியூட்ரான்கள் குறைவு. துகள்கள் கணக்கைவிட அதிகமாக வெளியே பரவுகின்றன என்று வைத்து, 'கூடுதல் பரவல்' என்று ஓர் எண்ணை உள்ளே போட்டால் இரண்டும் பொருந்திவிடுகிறது, எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றாய். சொல்லும்போது உன் குரல் இறங்கியிருந்தது.

எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்து. ஹைட்ரஜனின் கனமான வகைகளான டியூட்டீரியமும் டிரிட்டியமும் இணைந்து வரும் 17.6 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் 14.1-ஐ நியூட்ரான் தூக்கிக்கொண்டு போய்விடும். அதற்கு மின்னூட்டம் இல்லை, காந்தத்தால் பிடிக்க முடியாது. மிச்சம் 3.5-ஐ வைத்திருக்கும் ஆல்பா துகள்தான் உள்ளேயே சுற்றி, சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குள் நழுவிவிட்டால் அடுப்பும் ஆறும், சுவரும் பொசுங்கும். இங்கிலாந்தின் கல்ஹாமில் உங்கள் மாஸ்ட் அப்கிரேட் இயந்திரத்தில் டிரிட்டியம் கிடையாது. பீமாகப் பாய்ச்சி, உள்ளே போய் அயனியாகும் வேகமான டியூட்டீரியத்தை வைத்து அதே கேள்வியைக் கேட்கிறீர்கள். அங்கே நியூட்ரான் பெரும்பாலும் அந்த வேக அயனிகள் மோதியே பிறக்கிறது. அது குறைந்தால் அயனி எங்கோ போகிறது.

எட்டாவது படிக்கும்போது உன்னைக் காவலூர் வானாய்வகத்துக்குக் கூட்டிப்போனேன், ஞாபகம் இருக்கிறதா? வாணியம்பாடியிலும் ஆலங்காயத்திலும் பஸ் மாறி, ஜவ்வாது மலைக் காற்றில் என் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றாய். ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு 656.3 நானோமீட்டரிலிருந்து எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்தே விண்மீன் வருகிறதா போகிறதா என்று சொல்லிவிடலாம் என்றேன். இன்று டியூட்டீரியத்தின் அதே சிவப்பைத்தான் நீ படிக்கிறாய். வேக அயனி பீமிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொண்டு ஒளிரும்போது, அதன் வேகமெல்லாம் நகர்ந்துபோன அந்த நிறத்தில் இருக்கிறது. நீ இதைச் சொன்ன ராத்திரி சந்தோஷத்தில் எனக்குத் தூக்கமே வரவில்லை.

போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது உன் பிளஸ் ஒன் பிராக்டிகல் நோட்டு கிடைத்தது. தனி ஊசல். புவியீர்ப்பு முடுக்கம் g = 980 என்று இருக்கிறது. அடியில் ரப்பர் தேய்த்த தடம். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் 940. மாற்றி எழுதச் சொன்னவன் நான்தான். "நான் ஒழுங்காத்தானேப்பா எண்ணினேன்" என்றாய். ஒழுங்காகத்தான் எண்ணியிருக்கிறாய். 20 அலைவுக்கு 28.4 வினாடி, அதில் பழுதில்லை. நூலை மட்டும் அளந்து 48 செ.மீ. என்று போட்டிருக்கிறாய். கொக்கியும் குண்டின் ஆரமும் சேர்ந்து இன்னும் 2 செ.மீ. 50 என்று வைத்து நேற்று மறுபடி போட்டேன், 979 வருகிறது. விட்டுப்போன நீளம் அந்த 940-க்குள்ளேயே இருந்தது. நீ அதைத் தேடவிடாமல் அழிக்க வைத்தேன், பாப்பா. மன்னித்துக்கொள்.

கூடுதல் பரவலும் அப்படித்தான் என்று எனக்குப் படுகிறது. போட வேண்டாம் என்று சொல்லவில்லை. அது காரணம் தெரியாத இடத்தில் வைத்த எண் என்று கட்டுரையில் எழுதிவிடு. பிறகு நியூட்ரான் எந்தெந்த நேரத்தில் குறைகிறது என்று பார். 1980-களின் தொடக்கத்தில் பிரின்ஸ்டனில் பீம் செலுத்தியபோது காந்தச் சிக்னலில் மீன்முள் மாதிரிக் கோடுகள் வந்தன. அந்தந்த முள்ளோடு வேக அயனிகளும் வெளியே கொட்டின. உன் சிமுலேஷன் காந்தப்புலத்தையும் மோதலையும் வைத்துத்தான் ஒவ்வொரு துகளாகப் பின்தொடர்கிறது என்றாய். அந்த முள்ளை எழுப்பும் அலை அதில் இல்லையே? நியூட்ரான் முழு நேரமும் குறைகிறதா, இல்லை முள் வரும் கணங்களில் மட்டும் சரிகிறதா?

பார்த்துவிட்டுப் போன் பண்ணு. இங்கே நடுராத்திரி ஆனாலும் பரவாயில்லை, முழித்திருப்பேன்.

உன்
அப்பா