கடைமடைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லாத படிப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் 2 தேர்வு முடிவுகளையொட்டித் தங்கள் நாளிதழ் வெளியிட்ட உயர்கல்வி வழிகாட்டி இணைப்பை முழுவதும் படித்தேன். மருத்துவம், பொறியியல், வேளாண்மை, சட்டம் தொடங்கி உணவக மேலாண்மை வரை எல்லாவற்றுக்கும் அதில் இடம் இருந்தது. பாறையையும் மண்ணடுக்கையும் ஆராயும் நிலவியலுக்கும் வளிமண்டல அறிவியலுக்கும் கடலியலுக்கும் கோள் அறிவியலுக்கும் ஒரு வரிகூட இல்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பித்தவன் என்ற முறையில் இந்தக் குறையில் எனக்கும் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொண்டே இதை எழுதுகிறேன்.

என்னிடம் படித்த மாணவி ஒருத்தி, கடைமடைச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்தவள், ஒருநாள் வகுப்பு முடிந்த பிறகு நின்று, தங்கள் கொல்லையில் அறுபது அடியில் கிடைத்த நல்ல தண்ணீர் இப்போது உப்புக் கரிப்பதாகவும், அடுத்த தெருவில் இன்னும் ஆழமாகப் போர் போட்டவர்களுக்கு நல்ல தண்ணீர் வருவதாகவும் சொல்லி, "இது எப்படி சார்?" என்று கேட்டாள். "வேளாண்மைக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் கேட்டது வேளாண்மையைப் பற்றிய கேள்வியே அல்ல. காவிரி பல்லாயிரம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து கொட்டிய மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காகக் கிடக்கும் படுகையில், இரண்டு மணல் அடுக்குகளுக்கு நடுவே களிமண் தடுப்பாக நின்றால் ஒன்றில் உவர்நீரும் மற்றொன்றில் நன்னீரும் இருக்க முடியும்; கரையோரத்தில் அளவுக்கு மீறி இறைத்தால் நன்னீர் பின்வாங்கிய இடத்துக்குக் கடல் நீர் உள்ளே வரும். இதைப் படிப்பதற்கு நிலத்தடி நீரியல் என்று ஒரு துறை இருக்கிறது என்பதும், மத்திய நிலத்தடி நீர் வாரியத்தில் அதற்கென்றே விஞ்ஞானிப் பணியிடங்கள் உண்டு என்பதும் அன்று எனக்குத் தெரியாது. அவள் வேறு ஏதோ படித்து, இப்போது ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள்.

நம் மாவட்டங்களின் பிள்ளைகள் இந்த அறிவியலுக்குள்ளேயே பிறந்து வளர்கிறவர்கள். நாகை துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் ஐப்பசி, கார்த்திகையில் இங்கே பல வேலைகள் நடக்கும். 2004 டிசம்பர் 26 அன்று கடல் உள்ளே வந்ததை எந்தக் குடும்பமும் மறக்கவில்லை. அதற்குப் பின்புதான், 2007இல், ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் அமைந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது தென்னையெல்லாம் சாய்ந்தது. காரைக்காலில் டாப்ளர் ரேடார் இருக்கிறது. அந்த ரேடார் படத்தைப் பார்த்து நாளைக்கு மழை உண்டா என்று கணிப்பவர் என்ன படித்தார் என்று மட்டும் எந்தப் பள்ளியிலும் சொல்வதில்லை.

இயற்பியலும் கணிதமும் படித்தவர்கள்தாம் பெரும்பாலும் அந்த வேலைக்குப் போகிறார்கள் என்பதே இதில் முக்கியமான செய்தி. நம் ஊர்க் கல்லூரிகளில் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு பி.எட். சேரக் காத்திருக்கும் பிள்ளைகள், புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்திலோ, திருப்பதிக்கு அருகே கடங்கியில் உள்ள தேசிய வளிமண்டல ஆய்வகத்திலோ, பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் வளிமண்டல, கடல் அறிவியல் மையத்திலோ ஆய்வு செய்ய முயலலாம். மத்தியப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் ஒருங்கிணைந்த புவி விஞ்ஞானி தேர்வில் புவி இயற்பியலாளர் பணியிடத்துக்கும் எம்.எஸ்சி. இயற்பியல் போதும். ஆய்வுப் படிப்புக்கு உதவித்தொகை பெற வேண்டுமானால் அறிவியல், தொழிலக ஆய்வு மன்றத்தின் (சி.எஸ்.ஐ.ஆர்.) தகுதித் தேர்வான நெட் தேர்வின் ஐந்து பாடங்களில் ஒன்றாகவே புவி, வளிமண்டல, கடல், கோள் அறிவியல் இருக்கிறது. அதில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேர்வானால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். மூத்த ஆய்வாளராக உயர்ந்தபின் 42,000 ரூபாய். நிலவியலையே முதலிலிருந்து படிக்க விரும்புகிறவர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கொள்ளிடத்தைத் தாண்டினால் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் புவி அறிவியல் துறை இருக்கிறது. திருச்சியில் தேசியக் கல்லூரியில் நிலவியலும், பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நிலத்தை ஆராயும் தொலையுணர்வுத் துறையும் இருக்கின்றன.

நிலவியல், வானிலையியல் ஆகிய இரண்டு துறைகளையும் சேர்த்துப் பார்த்த ஒருவர் நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறார். ஹென்றி பிளான்ஃபோர்டு என்ற ஆங்கிலேயர் அன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலப் பாறைகளை ஆராய்ந்து 1862இல் அறிக்கை வெளியிட்டார். இன்று அரியலூர்ப் பக்கம் சிமென்ட்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டும் பகுதி அது. ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்ததற்குச் சாட்சியாகச் சிப்பியும் சுருள் ஓடும் பாறையிலேயே பதிந்து கிடக்கும். அதே பிளான்ஃபோர்டுதான் 1875இல் தொடங்கப்பட்ட இந்திய வானிலை ஆய்வுத் துறையின் முதல் தலைவரானார். இமயத்துப் பனி மிகுந்தால் பருவமழை குறையும் என்ற தொடர்பை 1884இல் எழுதினார். பாறையிலிருந்து மழைக்கு வர அவருக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை.

நிலவுக்குப் போவதற்கும் இதே படிப்புதான் வழி. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கியபோது நாம் பொறியாளர்களைக் கொண்டாடினோம், அது சரிதான். ஆனால் அந்த ஊர்தி நிலவின் மண்ணில் என்ன தனிமங்கள் உள்ளன என்று அளந்ததை வைத்து, அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தினர் அது அனார்த்தோசைட் என்ற பாறையின் தன்மையை ஒத்தது என்று காட்டினார்கள். அந்த வகைப் பாறை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் கிடைக்கிறது. இஸ்ரோ தன் சோதனைகளுக்கு நிலவு மண் போன்ற மண்ணைச் செய்ய அங்கிருந்துதான் எடுத்துச் சென்றது.

இந்தப் பாதை எளிது என்று எழுதினால் நான் பொய் சொன்னவன் ஆவேன். முனைவர் பட்டத்துக்கு ஐந்து, ஆறு ஆண்டுகள் போகும். அதற்குப் பிறகும் நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. நெட் தேர்வின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. தமிழ்வழியில் படித்த பிள்ளைகளுக்கு அது கூடுதல் சுமை. வீட்டில் கடன் இருக்கும்போது இருபத்தெட்டு வயது வரை படி என்று ஒரு தந்தையிடம் சொல்வது எனக்கே கூசுகிறது. ஆனாலும் தெரிந்தபின் வேண்டாம் என்பது வேறு, தெரியாமலே போவது வேறு.

இன்னொன்று. பள்ளியில் புவியியல் என்றால் சமூக அறிவியலில் வரும் ஊர், நாடு, வரைபடம். அரசுப் பலகையில் ‘புவியியல் மற்றும் சுரங்கத்துறை’ என்றால் பாறையும் கனிமமும். ஒரே சொல் இரண்டு படிப்புகளுக்கு ஓடுவதால், நிலவியல் படிக்க ஆசைப்பட்டு பி.ஏ. புவியியலில் சேர்ந்துவிட்டு விழித்த பிள்ளையையும் நான் கண்டிருக்கிறேன். தங்கள் நாளிதழாவது இரண்டுக்கும் இரண்டு சொற்களை ஒரே சீராகப் பயன்படுத்த வேண்டும். குரூப் 4 அறிவிப்பை முதல் பக்கத்தில் போடுவதுபோல் புவி விஞ்ஞானி தேர்வு, நெட் தேர்வு அறிவிப்புகளையும் டெல்டா மாவட்டப் பதிப்பில் கண்ணில் படும் இடத்தில் வெளியிட வேண்டும். அடுத்த ஆண்டு வழிகாட்டி இணைப்பில் இத்துறைகளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குவதாக இருந்தால், அதை எழுதித்தர நான் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
திருத்துறைப்பூண்டி வட்டம், திருவாரூர் மாவட்டம்.