வீதி வரை வந்தவள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இதழில் 'வீடு வரை உறவு' பாடலுக்குப் பொருள் எழுதியவர், 'வீதி வரை மனைவி' என்ற வரியில் மனைவியின் அன்பு தெருவோடு தீர்ந்துவிடுகிறது என்று கவிஞர் இடித்துரைப்பதாகச் சொல்லியிருந்தார். எனக்கு அப்படிப் படவில்லை.

1962இல் வந்த 'பாத காணிக்கை' படத்துக்காகக் கண்ணதாசன் எழுதியது. மூலம் பட்டினத்தார். மாதர் வீதி மட்டும், மைந்தர் சுடுகாடு மட்டும் என்றவர், கடைசிவரை கூட வருவது புண்ணிய பாவம்தான் என்று பதிலையும் சொல்லிவிடுகிறார். கண்ணதாசன் அந்தப் பதிலை எடுத்துவிட்டு, கடைசி வரை 'யாரோ' என்று விட்டுவிட்டார். டி.எம்.எஸ். குரலில் அந்த ஒரு சொல் வயிற்றைப் பிசையும்.

கல்யாணமான புதிதில் இந்தப் பாட்டு வந்தாலே ரேடியோவை அணைத்துவிடுவேன். "உன்னையா சொன்னாரு?" என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார். ஆறு வருஷத்துக்கு முன் அவர் போய்ச் சேர்ந்தார். எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போகும் வழக்கமில்லை. பிள்ளையார் கோயில் திருப்பத்தில் நாத்தனார்கள் இருவர் என்னைப் பிடித்து நிறுத்தினார்கள். பறைச் சத்தம் மட்டும் ஆற்றங்கரைப் பக்கம் போய்க்கொண்டே இருந்தது. 'வரை' என்றால் அங்கே மனைவி நின்றுகொண்டாள் என்றா பொருள்? என்னை அல்லவா நிறுத்தினார்கள்!

கட்டுரையாளர் ஆணாகத்தான் இருக்கவேண்டும். சரி, போகட்டும். இப்போதெல்லாம் நான் ரேடியோவை அணைப்பதில்லை. அடுப்பில் குழம்பு அடிபிடித்தாலும் அந்த 'யாரோ' வரும்வரை நின்று கேட்டுவிட்டுத்தான் போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கும்பகோணம்