மாலை நேர இணைய வேகக் குறைவும் அதை அளந்த முறையும் தொடர்பான முறைப்பாடு

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா / அம்மணி,

கோண்டாவிலில் உள்ள எனது ஃபைபர் இணைப்பின் வேகம் மாலையில் வெகுவாகக் குறைவது பற்றிய முறைப்பாட்டுக்கு, நீங்கள் தருவதாகச் சொன்ன செக்கனுக்கு 100 மெகாபிற் என்பது 12.5 மெகாபைற்றே என்றும், வாடிக்கையாளர் இரண்டையும் ஒன்றெனக் கருதிவிட்டார் என்றும் பதில் எழுதி முடித்துவிட்டீர்கள். 8 பிற் சேர்ந்ததே ஒரு பைற் என்பது எனக்குத் தெரியும். எட்டால் வகுத்துப் பார்த்த பின்னர்தான் முறைப்பாடே செய்தேன்.

நான் திருமண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுப்பவன். ஒளிப்பதிவாளர்கள் கிளவுட்டில் ஏற்றிவிடும் 30 கிகாபைற் பதிவை, உங்கள் கணக்கின்படி 40 நிமிடத்தில் இறக்கிவிடலாம். இரவு ஏழு மணிக்குப் பிறகு அதற்கு நாலு மணித்தியாலத்துக்கும் மேலாகிறது. அதாவது செக்கனுக்கு ஏறக்குறைய 2 மெகாபைற், பிற் கணக்கில் 16 மெகாபிற். தரவு பிரிந்து வரும் ஒவ்வொரு சிறு பொதியிலும் முகவரி முதலான தலைப்புத் தகவல்களுக்கு ஒரு பங்கு போய்விடும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பங்கு நூற்றுக்கு ஐந்து, ஆறு அளவில்தான் இருக்கும்; இங்கே குறைவதோ எண்பதுக்கும் மேல்.

வைஃபையைக் குறை சொல்லவும் இடமில்லை. கணினியை றவுட்டருடன் கேபிளால் நேரடியாக இணைத்து, வீட்டில் வேறெந்தச் சாதனமும் பாவனையில் இல்லாதபோதே அளந்தேன். அதே கோப்பு, அதே கிளவுட்டிலிருந்து, அதே கேபிள் வழியாக விடியப்புறத்தில் செக்கனுக்கு 11 மெகாபைற்றுக்குக் குறையாமல் வருகிறது.

உங்கள் ஊழியர் (மரியாதையான தம்பி, அவரில் குறையில்லை) முற்பகலில் வந்து, தன் கைப்பேசியில் வேகச் சோதனை செய்து, 94 மெகாபிற் என்று காட்டியதைப் படமெடுத்துக்கொண்டு போனார். அந்தச் சோதனை உங்கள் வலையமைப்புக்குள்ளேயே இருக்கும் சேர்வருடன் நடந்தது என்பது திரையிலேயே தெரிந்தது. எங்கள் ஒழுங்கை வெறுமையாகக் கிடப்பதைக் காட்டி, பலாலி வீதியில் நெரிசலே இல்லை என்று சொல்வது போன்றது இது. எல்லோரும் இணையம் பாவிக்கும் மாலை வேளையில், உங்கள் வலையமைப்பைத் தாண்டி வெளியே செல்லும் பாதையை இதுவரை ஒருவரும் அளக்கவில்லை.

ஆகவே, இரவு எட்டு மணியளவில், கேபிள் இணைப்பில், உங்கள் வலையமைப்புக்கு வெளியேயுள்ள சேர்வருடன் என் முன்னிலையில் மீண்டும் அளந்து, பதிவிறக்க வேகம், பதிவேற்ற வேகம், தரவு போய்வர எடுக்கும் தாமதம் ஆகிய மூன்றையும் எழுத்தில் தரவேண்டும். குறை உறுதியானால், அதைச் சீர்செய்யும் வரை மாதக் கட்டணத்தில் உரிய கழிவும் தரவேண்டும். 14 நாட்களுக்குள் பதில் கிடைக்காவிடின், இத்துடன் இணைத்துள்ள ஸ்கிரீன்ஷொட்களோடு இம்முறைப்பாட்டை இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு அனுப்பிவைப்பேன்.

இங்ஙனம்,
உண்மையுள்ள வாடிக்கையாளர்,
கோண்டாவில், யாழ்ப்பாணம்.